விழத் தெரிந்தவன்

“கழுத்த நிமித்து” என்றாள் அக்கா ரக்னா.

செல்மர் நிமிர்த்தினான். காலர் பொத்தான் துளைக்குள் போகாமல் அவள் விரலுக்கும் அவன் தொண்டைக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைச் சட்டைக்கு வெளிர் மஞ்சள் சாயம் போட்டிருந்தார்கள். விளக்குகளுக்கு முன்னால் நிஜ வெள்ளை கண்ணைக் கூசவைக்கும் என்பதால் இந்த ஸ்டூடியோவில் கல்யாணங்கள் எல்லாமே மஞ்சள் சட்டையில்தான் நடந்தன. அந்த மஞ்சளுக்கு மேலே அவன் முகம் சாம்பல் பூத்துத் தெரிந்தது. மேக்கப் போட்ட பிறகும்.

“உதடு நீலமா இருக்கு” என்றாள்.

“கருப்பு வெள்ளப் படம். யாருக்குத் தெரியப் போவுது?”

அவள் சிரிக்கவில்லை. பொத்தான் உள்ளே போயிற்று. அவன் நெஞ்சின் மேல் அவள் கை ஒரு கணம் தங்கியது. சட்டைக்கடியில் ஏதோ ஒன்று தாளம் தப்பித் தப்பித் தட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான்.

“இன்னிக்கு ஒரு நாள்தான், ரக்னா. இன்னிக்கு விழுந்துட்டா படம் முடிஞ்சுது. அப்பறம் நீ சொல்ற மாதிரி ரெண்டு மாசம் நாற்காலிய விட்டு எழுந்திருக்கமாட்டேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டருக்கு என்ன தெரியும். அவர் படமே பாக்கமாட்டாராம்.”

போன வாரம் அவன் சமையலறையில் காபிக் கோப்பையோடு அப்படியே சரிந்தான். டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மாடிப்படி ஏறக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் இறங்கக் கூடாது, பதற்றம் கூடாது என்றார். “பதர்றதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம்” என்றான் செல்மர். டாக்டரும் சிரிக்கவில்லை. அவர் போன பின் செல்மர் அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். ஸ்டூடியோவில் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நெஞ்சு சரியில்லாத நடிகனை இன்ஷூரன்ஸ்காரர்கள் படப்பிடிப்புக்குள் விடமாட்டார்கள். வெளியே ரொட்டிக்கு வரிசை நிற்கிற காலம். முகம் தெரிந்த ஆட்களே அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

செல்மர் லிண்டாலின் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. முகம் எல்லோருக்கும் தெரியும். தெருவில் போனால் “ஏய், அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போவாளே, அந்த ஆளு” என்பார்கள். எந்தக் காதல் படமானாலும் அவன்தான் நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல கோட்டு, நல்ல குணம். கடைசி ரீலில் பெண் அவனை விட்டு வேறொருவனோடு ஓடிப்போவாள். தியேட்டர் முழுக்கச் சிரிக்கும். நிஜத்தில் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் “ஓடிப்போறதுக்கு ஆள் கெடைக்கல” என்பான்.

இந்தப் படத்தில் பெண் பியானோ சரிசெய்ய வந்தவனோடு ஓடுகிறாள். மாளிகைத் தோட்டத்தில் விருந்தாளிகள் எல்லாம் வாய் பிளந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் மரியாதை குறையாமல், “எல்லாரும் சாப்பிட வாங்க, சூப் ஆறிடும்” என்று சொல்லி வணங்கியபடியே பின்னால் நடந்து, அல்லிக் குளத்தில் விழ வேண்டும்.

விழுவதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. மினசோட்டாவில் அப்பாவின் பண்ணையை விட்டு இரண்டு பேரும் ஓடிவந்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனியில் அவள் திட்டுகிற பெண்டாட்டி, அவன் விழுகிற புருஷன். நாற்காலியிலிருந்து, ஏணியிலிருந்து, ஒரு தரம் ஆட்டின் முதுகிலிருந்து. அவளுக்கு முழங்கால் போன பிறகு அவள் மேடையை விட்டுக் கத்தரிக்கோலைப் பிடித்தாள். இப்போது இதே ஸ்டூடியோவில் எடிட்டர். தம்பி விழுவதை வெட்டி ஒட்டி, எங்கே ஊர் சிரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள்தான்.

“பூவ சரியா குத்து” என்றான் செல்மர். கோட்டின் பொத்தான் துளையில் அவள் பூவைக் குத்தினாள். அவன் கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திப் பழகிக்கொண்டிருந்தபோது, எடிட்டிங் அறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

எடிட்டிங் அறை இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள்.

இயக்குநர் பர்ஜஸ் குளத்தோரம் மண்டியிட்டு ஒரு அல்லி இலையை நகர்த்திக்கொண்டிருந்தார். தொப்பி பின்னந்தலையில் இருந்தது. நல்ல மனிதர், அவசரக்காரர். படம் ஏற்கெனவே நாள் தாண்டிப் போய்விட்டது. திங்கட்கிழமை இந்தத் தோட்டத்தைப் பிரித்துவிட்டு வேறு படத்துக்கு விமானக் கொட்டகை கட்டப் போகிறார்கள்.

“மிஸ்டர் பர்ஜஸ், ஒரு நிமிஷம்.”

“சொல்லுங்க மிஸ் லிண்டால். இந்த எல அசிங்கமா இருக்கில்ல?”

“என் தம்பி தண்ணியில விழக் கூடாது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் ஆணி அடிக்கிற சத்தம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சொல்லிமுடிக்கிறவரை அவர் கண்ணைப் பார்க்காமல் அல்லிப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிப்பூ. கம்பிக் காம்பு.

“எவ்ளோ நாளா?” என்றார்.

“இப்பதான் தெரியும்.”

“அவருக்குத் தெரியுமா, நீங்க எங்கிட்ட வந்தது?”

“தெரியாது. தெரிய வேணாம். ஆஃபீசுக்கும் போக வேணாம். டூப் போடுறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஏதாவது காரணம் சொல்லுங்க.”

பர்ஜஸ் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். “நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது. எல்லோரும் வந்து நின்றதும், விளக்குகள் எரிந்ததும், கல்யாண உடையில் நாயகி மார்சியா ஒரு கையில் சிகரெட்டோடு காத்திருந்தபோது, அவர் உரக்கச் சொன்னார்: “செல்மர், நீங்க தண்ணிக்குள்ள போக வேணாம். கஸ் விழுவான். உங்க அக்கா சொல்லிட்டாங்க.”

ஆணி அடிக்கிற சத்தம்கூட நின்றது. ரக்னா விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். செல்மர் அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த உயரமான மாப்பிள்ளைத் தொப்பியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான்.

“அக்கா சொன்னா சரிதான்” என்றான். “மூணு வயசுலேந்து எனக்குக் குளிக்க அவதான் உத்தரவு குடுக்கறா.”

எல்லோரும் சிரித்தார்கள். மார்சியா சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அவன் புன்னகை அப்படியே இருந்தது. படத்தில் பெண் ஓடிப்போகும்போது அவன் முகத்தில் இருக்குமே, அதே புன்னகை. அதை ரக்னா எத்தனை முறை வெட்டி ஒட்டியிருக்கிறாள். நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

டூப் போடுகிற கஸ், செல்மர் அளவு கோட்டு மாட்டிக்கொண்டு, முதுகைக் கேமராவுக்குக் காட்டியபடி பின்னால் நடந்தான். குளத்தின் விளிம்பு வந்ததும் இரண்டு கையையும் காற்றாடிபோலச் சுழற்றி, பெரிய சத்தத்தோடு விழுந்தான். தண்ணீர் கேமராவரை தெறித்தது. “கட்” என்றார் பர்ஜஸ். கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

இனி விழுந்து எழுந்த மாப்பிள்ளையின் க்ளோசப் மட்டும் பாக்கி. அதற்குக் குளம் வேண்டாம். செல்மரின் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் போதும். ரக்னா வாளியருகே போய்க் கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வாளிக்காரனிடம் “ஆறவிடாதே” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுடைய மேசையருகே இன்னொரு ரீலுக்கு ஒலிப்பதிவு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். செல்மர் நாற்காலியில் உட்கார்ந்து கஸ் தலை துவட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவள்தான் காரை ஓட்டினாள். பக்கத்தில் அவன். முடி இன்னும் ஈரம். கழுத்தில் துண்டு. கம்பளிக் கோட்டை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். டிராம் ஒன்று அவர்களைக் கடந்து போனது. ஆரஞ்சு விற்கிறவன் கூடையைத் தூக்கிக் காட்டினான்.

“வாளித் தண்ணி சூடா இருந்துதா?”

“ம்.”

“குளிருதா?”

“இல்ல.”

அவ்வளவுதான். வீடு வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. அவன் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த கோபம்தான். ஆனால் இவ்வளவு நீளமாக அவன் எப்போதும் கோபப்பட்டதில்லை.

பட்டாணி சூப் வைத்தாள். பன்றி எலும்பு போட்டு, அம்மா செய்கிற மாதிரி. அவன் இரண்டு கரண்டி குடித்துவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“திட்டணும்னா திட்டிடு” என்றாள் ரக்னா.

“எதுக்கு?”

“எதுக்குன்னு தெரியாதா உனக்கு? எல்லார் முன்னாடியும் அந்தாளு அப்படிச் சொல்வாருன்னு நான் நெனைக்கல.”

“விடு.”

“விடறதுக்கில்ல. ஒப்பந்தம் போனா போகட்டும். என் சம்பளம் இருக்கு. நீ உசுரோட உக்காந்து எம்மேல கோபப்படு. வருஷக்கணக்கா கோபப்படு. நான் கேட்டுக்கறேன்.”

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். “ரக்னா, இன்னிக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. சூப்புல உப்பு கம்மி.”

உப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். கொஞ்சம் வேகமாகத் தள்ளியதில் உப்பு மேசையில் சிந்தியது. அவன் அதை விரலால் கூட்டிக்கொண்டே கேட்டான்:

“இன்னிக்கு எடுத்த ரஷ்ஷ நாளைக்குப் பாப்ப இல்ல?”

“பாக்காம?”

“குளத்துல விழறத நல்லா பாரு.”

குத்திக் காட்டுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவன் முன்னறைக்குப் போனான். ரேடியோ போடும் சத்தம் கேட்டது. நகைச்சுவை நிகழ்ச்சி. ஒருவன் பேசினான், கூட்டம் சிரித்தது.

ரக்னா தட்டுகளைக் கழுவினாள். முதலில் அவன் பேசட்டும் என்று முடிவெடுத்தாள். எப்போதும் அவள்தான் முதலில் இறங்கிப் போவாள். மேடையில்கூடத் திட்டுகிற பெண்டாட்டிதான் கடைசியில் கையை நீட்டித் தூக்கிவிட வேண்டும். இன்றைக்கு மாட்டேன். கழுவின பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரத்தின் மேல் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவில் நிகழ்ச்சி முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது. விளம்பரம் வந்தால் செல்மர் எழுந்து சத்தத்தைக் குறைப்பான். சோப்பு விளம்பரம் அவனுக்கு ஆகாது. சத்தம் குறையவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டாள். விளம்பரம் முடிந்து இன்னொரு விளம்பரம் வந்தது.

“செல்மர், அதக் கொஞ்சம் குறையேன்.”

தான்தான் முதலில் பேசிவிட்டோம் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு அந்த எரிச்சலோடேயே முன்னறைக்குப் போனாள்.

அவன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு செருப்பு காலில், இன்னொன்று தரையில். மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்திருந்தது. அவள் முதலில் ரேடியோவை நிறுத்தினாள். அப்புறம்தான் அவன் கையைத் தொட்டாள்.

சவ அடக்கம் லூத்தரன் தேவாலயத்தில் நடந்தது. பாதிரியார் நார்வே மொழியில் ஒரு ஜெபமும் ஆங்கிலத்தில் ஒரு ஜெபமும் சொன்னார். முன்வரிசையில் ரக்னா மட்டும். பின்னால் விளக்குப் பிடிக்கிறவர்கள், தச்சர்கள், தையல்காரிகள். வெயிலில் வேலை செய்கிற கைகளோடு எல்லோரும் விறைப்பான காலரில் உட்கார்ந்திருந்தார்கள். மார்சியா கறுப்புக் கண்ணாடியை எடுக்காமல் அழுதாள். பர்ஜஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் எழுவதற்கு முன்பே வெளியே போய் நின்றார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்திருந்தார்கள். சபையைச் சேர்ந்த ஒரு மாது ரக்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க தம்பிய எல்லாப் படத்துலயும் அந்தப் பொண்ணுங்க விட்டுட்டுப் போறப்ப எனக்கு மனசே ஆறாது. எங்க வீட்டுக்காரர் சிரிப்பார். நான் மட்டும் சிரிக்கமாட்டேன்.”

“சிரிச்சிருக்கலாம்” என்றாள் ரக்னா. “சிரிச்சாதான் அவனுக்குப் பிடிக்கும்.”

கஸ் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். பெரிய உடம்பு. என்ன செய்வது என்று தெரியாத முகம்.

“மேடம், நான் அன்னிக்கு… ஒரு தடவதான் விழுந்தேன்.”

“நல்லாதான் விழுந்த கஸ்.”

“இல்ல மேடம், நான் சொல்ல வந்தது…”

பர்ஜஸ் எங்கிருந்தோ வந்து கஸ்ஸின் தோளில் கை வைத்தார். “காபி ஆறுது, கஸ்.” கஸ் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், காபிப் பக்கம் போய்விட்டான். ரக்னாவுக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் அன்று அவளுக்கு அது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்குப் போனாள். எடிட்டிங் அறைக் கதவருகே பர்ஜஸ் நின்றிருந்தார். இவ்வளவு காலையில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருங்க மிஸ் லிண்டால்.”

“வீட்ல என்ன வேல இருக்கு? அவன் சட்டையெல்லாம் மடிச்சு வெச்சாச்சு.”

“அப்ப மத்த ரீலப் பாருங்க. கல்யாண ரீல வேற யாராவது வெட்டட்டும்.”

“இந்தப் படம் முழுக்க நான் வெட்டினது. கடைசி ரீல்ல வேற கை பட்டா தெரியும்.”

“எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

அவர் கதவை விட்டு நகரவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தூங்காத கண். அவளுக்குப் பரிதாபமாக இருந்தது, தன் துக்கத்துக்காக இந்த மனுஷன் இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று.

“வழிய விடுங்க, மிஸ்டர் பர்ஜஸ்.”

அவர் விட்டார். “முதல் டேக்க மட்டும் பாருங்க” என்றார் பின்னால் இருந்து. “ரெண்டாவது ஒண்ணுமில்ல.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் டேக்கை எடிட்டிங் இயந்திரமான மூவியோலாவில் ஏற்றினாள். உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் கஸ்ஸின் முதுகு, கையைச் சுழற்றல், தண்ணீர். அன்று நேரில் பார்த்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாவது சுருளை ஏற்றினாள். ஒலிச் சுருளையும் சேர்த்து ஓடவிட்டாள்.

கிளாப் பலகை அடித்தார்கள். அதே தோட்டம், அதே விருந்தாளிகள். மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் வருகிறான். ஆனால் இவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரிசையாக வணங்குகிறான். ஒரு கிழவியைப் பார்த்துத் தனியாக ஒரு வணக்கம். “எல்லாரும் சாப்பிட வாங்க.” குதிகால் குளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. “சூப் ஆறிடும்.” அங்கே நின்றான். பின்னால் தரை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையைச் சுழற்றவில்லை. தெரிந்ததை ஏற்றுக்கொண்டவன்போல முதுகை நேராக்கி, தொப்பியை எடுத்து, பெண் ஓடிப்போன திசைக்கு மரியாதையாக ஒருமுறை உயர்த்திக் காட்டி, அப்படியே, மரம் சாய்வதுபோல, பின்னால் போனான். தண்ணீர் அதிகம் தெறிக்கவில்லை. குளம் மூடிக்கொண்டது. துணி அல்லிகள் ஆடின.

ரக்னாவின் கை சக்கரத்தின் மேல் இருந்தது. நிறுத்தவில்லை.

முதலில் தொப்பி மேலே வந்தது. பிறகு கை. பிறகு செல்மரின் முகம். தலையில் ஒரு இலை. அவன் தொப்பியிலிருந்த தண்ணீரைக் கவனமாகக் குளத்திலேயே ஊற்றிவிட்டு, அதைத் தலையில் வைத்துக்கொண்டான். “கட்” என்று பர்ஜஸின் குரல், குரலுக்குப் பின்னால் முழுக் கூட்டத்தின் சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செல்மர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை முகம் போய், சந்தோஷத்தில் காது வரை இழுத்துக்கொண்ட அவன் சொந்த முகம் வந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துக் கேட்டான்:

“ரக்னா பக்கத்துல இல்லையே?”

அதோடு சுருள் ஓடி முடிந்து, வால் மட்டும் சட் சட் என்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். சின்ன வயதில் அம்மாவின் ஜாம் பாட்டிலைக் காலி செய்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்திருப்பான். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு. உப்பு கம்மி என்பான்.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. பர்ஜஸ் வாசலிலேயே நின்றார்.

“நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு சொன்னார்” என்றார்.

“அவனா?”

“நீங்க அந்தப் பக்கம் போனதும் வந்தார். அக்காகிட்ட பேசிட்டேன், டாக்டரும் ஒரு தடவைன்னா பரவால்லன்னுட்டார்னு சொன்னார். கஸ் விழுந்தது மாவு மூட்ட விழுந்த மாதிரி இருக்கு, இத அக்கா மேசைக்கு அனுப்பினா எனக்குத்தான் அவமானம்னார்.”

“நீங்க நம்பினீங்களா?”

அவர் தொப்பிக்குள்ளே பார்த்தார். “நம்பணும் போல இருந்தது. எனக்கும் கஸ் விழுந்தது பிடிக்கல.”

வெளியே யாரோ தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாழ்வாரக் கடைசி வரை போய்த் தேய்ந்தது. அவர் அவள் கத்துவதற்காகக் காத்திருந்தார். கத்தினால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

“குளத்துத் தண்ணி எப்டி இருந்துது?” என்றாள்.

“சூடு பண்ண நேரமில்ல.”

“வெளிய வந்து என்ன செஞ்சான்?”

“ரொம்ப நேரம் வெளிம்பப் புடிச்சிட்டு நின்னார். கைகுடுத்தோம், வேணாம்னார். அப்பறம் ஏறி வந்து காபி கேட்டார். லைட்டுக்காரங்க எல்லாம் மேலேந்து எறங்கி வந்து கைகுடுத்தாங்க. அவங்க யாருக்காகவும் அப்படி எறங்க மாட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் வாங்கினார். நீங்களா படத்துல பாக்கணுமாம்.” அவர் நிறுத்தினார். “மிஸ் லிண்டால், உங்களுக்கு வேணும்னா முதல் டேக்கையே வெச்சிருங்க. நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்.”

ரக்னா மேசைப் பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

சுருளைப் பின்னால் ஓட்டினாள். செல்மர் தொப்பியைக் கழற்றித் தண்ணீருக்குள் போய், தண்ணீரிலிருந்து எழுந்து விளிம்பில் நின்றான். மறுபடி முன்னால். தொப்பியைத் தலையில் வைக்கிற இடத்தில் நிறுத்தினாள். அங்கேதான் தியேட்டர் உரக்கச் சிரிக்கும். சிரிக்க இடம் விட வேண்டும். ஆனால் அதிகம் விட்டால் அவன் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும். ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். முன்னால், பின்னால். உதடு திறப்பதற்கு முன். மார்பு மேலே ஏறுவதற்கு முன். மெழுகுப் பென்சிலால் கோடு போட்டாள். அழித்துவிட்டு ஒரு ஃபிரேம் தள்ளிப் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். கோடு போட்ட இடத்தில் வைத்து வெட்டினாள்.

முன்பாதியை அடுத்த ஷாட்டோடு ஒட்டினாள். பசை காய்கிற வாசனை அறையில் நின்றது. வெட்டின மிச்சத்தை, மற்ற மிச்சங்களைத் தொங்கவிடுகிற கொக்கியில் தொங்கவிட்டாள். ஒட்டின இடத்தை ஓட்டிப் பார்த்தாள். தொப்பி தலைக்கு வந்தது, உடனே ஓடிப்போன பெண்ணும் பியானோக்காரனும் பேருந்தில் குலுங்கிக்கொண்டு போனார்கள். சரியாக இருந்தது. வேறு எங்கே வெட்டியிருந்தாலும் சரியாக இருந்திருக்காது.

தாழ்வாரத்தில் பர்ஜஸ் தீயணைக்கும் மணல் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“எது?” என்றார்.

“ரெண்டாவது.”

அவர் தலையாட்டினார். அவள் கையுறையைக் கழற்றி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் படப்பிடிப்புத் தளத்தின் குறுக்கே நடந்து போனாள். தோட்டம் போய்விட்டிருந்தது. மாளிகைச் சுவரைத் தச்சர்கள் படுக்கப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குளத்தின் அடைப்பைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சிமெண்ட் தொட்டியின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் பாக்கி. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்ட ஒரு ஆள் அதை நீள விளக்குமாறால் வடிகால் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

“நீங்க வேலயப் பாருங்க” என்றாள் ரக்னா.

அவன் மறுபடி தள்ள ஆரம்பித்தான். அவள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். கடைசித் தண்ணீர் சத்தத்தோடு ஓட்டைக்குள் இறங்கியது. பிறகு சிமெண்ட் அங்கங்கே வெளுத்துக் காயத் தொடங்கியது.